பவழமல்லி இலைக் கஷாயம்: எதற்கு உதவும், யாருக்கு ஆகாது

கேள்வியைச் சுருக்கமாக எடுத்தெழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவரின் தந்தைக்கு வயது 62. இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இழுத்துப் பிடிக்கும் வலி இரண்டு மாதமாக இருக்கிறது. மருத்துவர் அதைச் சயாட்டிகா என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் பவழமல்லி மரம் நிற்கிறது. அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் இந்த வலி தீரும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, எப்படித் தயாரிப்பது, அந்த இலை காய்ச்சலுக்கும் ஆகுமா, விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவுக்கும் மருத்துவக் குணம் உண்டா, இலையை உலர்த்தி வைத்துக்கொள்ளலாமா என்பவை அவர் கேட்டவை.

உறவினர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. இந்த வலிக்கு இந்த இலையைச் சொல்லும் மரபு குறைந்தது தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆனால் தந்தை வலி மாத்திரையும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்ற ஒரு செய்தி கேள்வியின் நடுவில் போகிற போக்கில் வந்திருக்கிறது. என் பார்வையில் கேள்வியிலேயே முக்கியமானது அதுதான். ஏன் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் மரம் எது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. பவழமல்லி, பவளமல்லிகை, பாரிசாதம் என்று நாம் அழைக்கும் இம்மரத்தின் தாவரவியல் பெயர் நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ். இதில் பாரிசாதம் என்ற பெயர்தான் தொல்லை தருவது. வடமொழி மருந்து நூல்களில் பாரிஜாதகம் என்ற சொல் கல்யாண முருங்கைக்கும் வழங்கியிருக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் இதற்குத் தொடர்பே இல்லாத வேறு சில வெள்ளைப் பூச்செடிகளையும் மக்கள் பாரிஜாதம் என்றே அழைக்கிறார்கள். ஆகவே பெயரை நம்பி இலை பறிக்க வேண்டாம். இலையின் மேற்பரப்பைப் புறங்கையில் மெதுவாக ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். பவழமல்லி இலை உப்புத்தாள் போல உராயும். தோலில் மெல்லிய வெண்கோடு விழும் அளவுக்குச் சொரசொரப்பு இருக்கும். மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகேற்ற இந்த இலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அதன் கரகரப்பைப் புரிந்துகொள்ளலாம். அடுத்து இளங்கிளையை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் அது உருளாது. நான்கு விளிம்புகள் விரலில் தட்டும். இலைகள் எதிரெதிராக அமைந்து, நுனி கூர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காய் நாணயம் போலத் தட்டையாக இருந்து, முற்றியதும் இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒரு விதை தரும். சொரசொரத்த இலை, சதுரக் கிளை, தட்டைக் காய், ஆரஞ்சுக் காம்புடைய வெள்ளைப் பூ ஆகிய நான்கும் ஒன்றாக அமைந்தால் அது பவழமல்லிதான்.

இனிப் பூ. அந்திக்குப் பின் மலர்ந்து, இரவெல்லாம் மணந்து, பொழுது புலர்வதற்கு முன் உதிர்ந்துவிடுவதால் ஐரோப்பியர் இதைத் துயர மரம் என்றார்கள். தாவரவியல் பெயரின் பின்பாதிக்கு இலத்தீனில் பொருளே அதுதான். முன்பாதி கிரேக்க மொழியில் இரவுமலரைக் குறிப்பது. போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் கோவாவில் அச்சிட்ட மருந்துப் பொருள் நூலிலேயே இந்த மரம் பேசப்படுகிறது. 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டபோது நம் குண்டு மல்லிகையையும் இதே நிக்டாந்தஸ் பேரினத்தில்தான் சேர்த்தார். மல்லிகை பிறகுதான் தனிப் பேரினத்துக்குப் பிரிந்து போனது. இரண்டும் இன்றும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. பவழமல்லி என்று பெயர் வைத்தவர்கள் உறவு பார்த்து வைக்கவில்லை, மணத்தையும் நிறத்தையும் பார்த்து வைத்தார்கள். ஆனாலும் உறவு பொருந்திவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் சேடல் என்பது இதுவே என்று உரைமரபு கூறுகிறது. ஆக, தமிழ் இந்தப் பூவை இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. அறிந்தது பெரும்பாலும் பூவாகத்தான்.

பூவின் மருந்துப் பயன் என்று மரபில் சொல்லப்படுபவை ஒப்பீட்டளவில் மென்மையானவை: வயிற்று உப்புசத்துக்கும் பசியின்மைக்கும் பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீர், மாதவிடாய் தாமதத்துக்குப் பூச்சாறு, கண் எரிச்சலுக்குப் பூநீர். கடைசியாகச் சொன்னதை இன்று யாரும் செய்ய வேண்டாம். தரையில் விழுந்த பூவை ஊறவைத்த நீர் கண்ணுக்குள் போவதற்கு உரிய தூய்மை உடையது அல்ல. கருவிழியில் தொற்று ஏற்பட்டால் பார்வைக்கே கேடு வரும். மற்றவற்றில் பூவின் உண்மையான சிறப்பு அந்த ஆரஞ்சுக் காம்பில் இருக்கிறது. காம்பு என்று நாம் சொல்வது உண்மையில் இதழ்கள் ஒன்று சேர்ந்த குழல். அதன் நிறத்துக்குக் காரணம் குரோசெட்டின் என்ற நிறமி. குங்குமப்பூவுக்கு நிறம் தருவதும் அதே குரோசெட்டின், சர்க்கரை மூலக்கூறுகளோடு சேர்ந்து குரோசின் என்ற வடிவில். ஒரு கைப்பிடிக் காம்புகளைக் கிள்ளி வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பார்த்தால், சில நிமிடங்களில் நீர் தங்கமஞ்சளாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். பட்டுக்கும் பருத்திக்கும் இதைச் சாயமாக ஏற்றியிருக்கிறார்கள். படிகாரமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தும் அந்த நிறம் வெயிலில் நெடுநாள் நிற்பதில்லை என்பதே அதன் குறை. நிறமி ஒன்றாக இருப்பதால் குங்குமப்பூவுக்குச் சொல்லும் குணமெல்லாம் பவழமல்லிக்கும் உண்டு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிக் கொள்ள இடமில்லை. குங்குமப்பூவின் கசப்பும் மணமும் வேறு சேர்மங்களால் வருபவை, அவை இங்கே இல்லை. பூ மணத்துக்கும் நிறத்துக்கும் உரியது. உங்கள் தந்தையின் வலிக்கான மருந்து அதில் இல்லை.

மருந்து இலையில் இருக்கிறது. மரத்துக்கு அடியில் நிற்பவர் கண்ணும் மூக்கும் பூவின் மேல் இருக்க, நம் முன்னோரின் வைத்தியக் கை நேராக இலைக்குப் போயிருக்கிறது என்பது இந்த மரத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இலைக்கு மணம் கிடையாது. நல்ல கசப்பு உண்டு. நாட்பட்ட காய்ச்சல், விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல், மூட்டு வாதம், இடுப்பு நரம்பு வலி, ஈரல் மந்தம், குடற்புழு என்று இலையின் பயன்கள் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வீட்டு வைத்தியத்திலும் திரும்பத் திரும்ப ஒரே திசையில் வருகின்றன. இப்படி ஒத்து வரும் சாட்சி தனியாக எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் கூர்ந்து பார்க்கத் தக்கது என்று காட்டும்.

இடுப்பு நரம்பு வலிக்கு இந்த இலையைச் சொல்வதன் மூலம், 11-ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்ரபாணிதத்தர் தொகுத்த சக்ரதத்தம் என்ற சிகிச்சை நூலில் இருக்கிறது. அவர் நோயைக் கிருத்ரசி என்கிறார். கிருத்ரம் என்றால் கழுகு; வலி தாளாமல் ஒரு காலை இழுத்து நடப்பவரின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்று விளக்குவார்கள். சேபாலிகையின் இலையை மென்மையான தீயில் கஷாயமாக்கிக் குடித்தால், விலக்க முடியாத கிருத்ரசியும் விலகும் என்பது அந்தப் பாடலின் பொருள். இதில் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. ஒன்று, தீ மென்மையாக இருக்க வேண்டும் என்று அவர் தனியே சொல்லியிருப்பது. எல்லாக் கஷாயங்களுக்கும் இப்படிச் சொல்வதில்லை. மற்றொன்று, சேபாலிகை என்ற பெயரே. பவழமல்லியை வங்கத்தில் இன்றும் சியூலி, சேபாலி என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் நீலப்பூப் பூக்கும் நொச்சிக்கும் சேபாலி என்ற பெயரைத் தருகிறது. நொச்சி இலையும் வாதநோய்க்குப் பேர்போனது என்பதால், சக்ரபாணிதத்தர் மனத்தில் இருந்தது எது என்று அறிஞர்கள் வாதிட இடம் இருக்கிறது. வங்கத்து வழக்கையும் பிற்கால வைத்தியர்களின் நடைமுறையையும் வைத்துப் பார்த்தால் பவழமல்லி என்று கொள்வதே பொருத்தம் என்பது என் முடிவு. எனினும் தொள்ளாயிரம் ஆண்டு மரபு என்று சொல்லும்போது இந்த ஐயத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தயாரிக்கும் முறை எளிது. முற்றிய, பூச்சி அரிக்காத, மருந்து தெளிக்காத இலைகள் ஐந்து அல்லது ஆறு போதும். தளிரில் கசப்பும் சாரமும் குறைவு. மஞ்சளித்த இலை வேண்டாம். இலையின் மேல் உள்ள குத்தும் மயிர்களில் தூசி நன்றாகப் பிடித்து நிற்கும் என்பதால் ஒவ்வொன்றையும் ஓடும் நீரில் இருபுறமும் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கையால் கிழித்து, இரண்டு தம்ளர் நீரில் போட்டு, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சிறு தீயில் வையுங்கள். நீர் கொந்தளிக்கக் கூடாது. விளிம்பில் சிறு குமிழிகள் எழுந்து அடங்கிக்கொண்டிருக்கும் அளவே போதும். நிறம் மெல்ல மெல்லப் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறி, அரை தம்ளராக வற்றும்போது இறக்கி, மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்ட வேண்டும். சல்லடையில் வடித்தால் இலையின் மயிர்த்துகள் கீழே இறங்கித் தொண்டையை உறுத்தும். சித்த மருத்துவத்தில் இதைக் குடிநீர் என்பார்கள். காலையில் ஒரு வேளை, உணவுக்குப் பின், வெதுவெதுப்பாகக் குடிப்பதே பாதுகாப்பானது. வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படாததன் காரணம் அடுத்து வருகிறது. கசப்பு நாவில் நெடுநேரம் நிற்கும். அதற்காகச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டாம். சர்க்கரை நோய் இல்லாதவர் ஆறிய பின் சிறிது தேன் சேர்த்துக்கொள்ளலாம். அன்றன்றைக்கு வைத்துக் குடிக்க வேண்டும். முதல் நாள் மிச்சத்தைச் சூடாக்கிக் குடிப்பது கூடாது.

ஆய்வுக்கூடத்தில் என்ன கண்டார்கள் என்பதற்கு வருகிறேன். இலையில் பீட்டா-சிட்டோஸ்டெரால், ஒலியனோலிக் அமிலம், அஸ்ட்ராகாலின், நிக்கோட்டிஃப்ளோரின் போன்ற ஃபிளேவனாய்டுகள், டானின்கள், மேனிட்டால் ஆகியவை இருக்கின்றன. இந்த மரத்துக்கே உரிய ஆர்பார்டிரிஸ்டோசைடு என்ற இரிடாய்டு வகைச் சேர்மங்கள் விதையிலும் இலையிலும் பிரித்தெடுக்கப்பட்டன. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் பொருள்களைச் செலுத்திவிட்டு, பவழமல்லி இலைச் சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உடனடி வீக்கமும், மூட்டுவாதத்தை ஒத்த நாட்பட்ட வீக்கமும் குறைந்தன. அதே துறையில் 1987-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் பொருள் நிறைந்தது. இலைச் சாரம் ஆஸ்பிரினைப் போன்ற முறையில் வலியைத் தணித்தது. ஈஸ்ட் செலுத்தி உண்டாக்கிய காய்ச்சலைக் குறைத்தது. அதோடு, தொடர்ந்து ஆறு நாள் வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் இரைப்பையில் புண்களையும் உண்டாக்கியது. அளவு கூடக் கூடப் புண்ணும் கூடியது.

இந்தக் கடைசிச் செய்தியை மூலிகைப் புகழ் பாடும் எழுத்துகளில் காண்பது அரிது. எனக்கோ இதுவே அந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதியாகத் தோன்றுகிறது. வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் ஒருசேரத் தணிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பவை. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். ஆகவே ஒரு பொருள் வலியைக் குறைத்து வயிற்றையும் புண்ணாக்குகிறது என்றால், அது உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதுவே அடையாளம். எலிக்குக் கொடுத்த செறிவான சாரமும் நாம் ஐந்து இலையில் வைக்கும் கஷாயமும் ஒன்றல்ல. ஆனாலும் உங்கள் தந்தை எடுத்துக்கொள்ளும் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற ஒன்றாக இருந்தால், அதுவும் இரைப்பையை அரிக்கும் வகைதான். அதன் மேல் இந்தக் கஷாயத்தையும் ஏற்றினால் ஒரே இடத்தில் இரண்டு அடி விழும். 62 வயதில் இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால் அது சிறிய விஷயம் அல்ல. இரண்டில் ஒன்றைத்தான் ஒரு காலத்தில் எடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா, கஷாயத்தைத் தள்ளிப்போடுவதா என்பதை மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். கஷாயம் என்றதும் சில மருத்துவர்கள் கடிந்துகொள்ளக்கூடும். அதற்கு அஞ்சி மறைத்துக் குடிப்பது, கடிந்துகொள்ளப்படுவதைவிடப் பல மடங்கு கேடானது.

சயாட்டிகாவைப் பற்றியும் ஓரிரு சொற்கள். உடலிலேயே தடித்த நரம்பு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் அந்த நரம்புதான். முதுகெலும்பின் கீழ்க்கோடியில் உள்ள இரண்டு வட்டுகளில் ஒன்று பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துவதும் அதைச் சுற்றி அழற்சி உண்டாவதும் பெரும்பாலானவர்களுக்கு இவ்வலியின் காரணம். அழற்சியைத் தணிக்கும் இலைக்கு இங்கே ஏதோ ஒரு பங்கு இருக்கக்கூடும் என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்தாதது அல்ல. பிதுங்கிய வட்டை எந்தக் கஷாயமும் உள்ளே தள்ளாது என்பதும் உண்மை. இதோடு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதிதாக வந்த சயாட்டிகா பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். இரண்டாம் மாதத்தில் கஷாயம் தொடங்கிய ஒருவருக்கு மூன்றாம் மாதத்தில் வலி போனால், அவர் இலையைப் புகழ்வது இயல்பு. அந்தப் புகழில் எவ்வளவு இலைக்கு உரியது, எவ்வளவு காலத்துக்கு உரியது என்று ஒருவரின் அனுபவத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. நான் அறிந்தவர்களிலும் இந்தக் கஷாயத்தால் நடமாடத் தொடங்கினேன் என்று நன்றியோடு சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லை நான் மதிக்கிறேன், ஆனால் அதைச் சான்றாக எண்ணுவதில்லை.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தளர்வது, தொடைகளுக்கு நடுவே உட்காரும் பகுதி மரத்துப்போவது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தட்டித் தட்டி நடப்பது, இரு கால்களும் ஒருசேர வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கொத்து நசுங்கும் அந்த நிலையில் மணிக்கணக்கில் ஏற்படும் தாமதம்கூட நிலையான ஊனமாக முடியலாம். இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவை சேர்ந்திருந்தாலும் கஷாயத்தை நினைக்கவே வேண்டாம். முதலில் காரணம் தெரிய வேண்டும்.

காய்ச்சலுக்கு இந்த இலை ஆகுமா என்ற கேள்விக்கு மரபின் விடை ஆம் என்பதே. இலைச் சாற்றில் சிறிது இஞ்சிச் சாறும் தேனும் கலந்து முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலானது. முறைக்காய்ச்சல் என்று அன்றைக்குச் சொன்னதில் பெரும்பகுதி இன்றைய மலேரியாவாகவே இருந்திருக்க வேண்டும். அதை மனத்தில் கொண்டு மும்பையில் ஆயுர்வேத மருத்துவர்களும் மருந்தியல் ஆய்வாளர்களும் சேர்ந்து இதை நோயாளிகளிடமே ஆராய்ந்தார்கள். மலேரியா உறுதியான 120 பேருக்கு, நடுத்தர அளவுள்ள ஐந்து பச்சை இலைகளை விழுதாக அரைத்து நாளுக்கு மூன்று வேளை, ஏழு முதல் பத்து நாள் கொடுத்ததில், 92 பேர் ஏழு நாளுக்குள் நலம் பெற்றார்கள். பத்து நாள் வரை கொடுத்தும் பயனில்லாதவர்கள் எட்டுப் பேர். வியக்கத்தக்க செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்தோ வெற்று மருந்தோ பெற்ற மற்றொரு குழு அதில் இல்லை; நோயாளிகள் மருத்துவக் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனையோடு இருந்தார்கள். வீட்டில் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் வரும்போது இந்த எண்களைக் காட்டி இலையை அரைத்துக் கொடுப்பது, அந்த ஆய்வாளர்களே செய்யாத துணிச்சல். மூளையைத் தாக்கும் வகை மலேரியா ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் வகை மருந்துகளையே தவிர்க்கச் சொல்கிறார்கள். அப்போது வயிற்றைப் புண்ணாக்கும் தன்மை உடைய கஷாயத்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? இரத்தப் பரிசோதனை முடிந்து, இது சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று தெரிந்த பிறகு, வளர்ந்தவர் ஒருவர் இரண்டு மூன்று நாள் இதைக் குடிப்பதில் பெரிய தீங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவ்வளவுதான் இதற்குக் கொடுக்கக்கூடிய இடம்.

விதை, பட்டை, வேர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதையைப் பொடித்து எண்ணெயிலோ நீரிலோ குழைத்துப் பொடுகுக்கும் முடி உதிர்ந்த இடத்துக்கும் பூசுவார்கள். பொடுகின் செதில் குறையலாம், வழுக்கையில் முடி முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பட்டையைப் பொடித்து வெற்றிலையில் வைத்து மென்றால் சளி இளகும் என்பது ஒரு பழைய வழக்கம். வேரை மென்று ஈறு வலிக்கு இதம் தேடியிருக்கிறார்கள். ஒரு நாள் ஈறு வலிக்காக முற்றத்து மரத்தின் வேரைத் தோண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தைகளுக்குக் குடற்புழு நீங்க இலைச்சாற்றைத் தேனில் கலந்து புகட்டும் பழக்கத்தை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கசப்பு தாளாமல் குழந்தை வாந்தி எடுப்பதும், எடுக்கும்போது சாறு புரையேறுவதும் நடக்கக்கூடியவை. சின்னஞ்சிறு இரைப்பையில் எரிச்சல் எவ்வளவு உண்டாகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. புழு நீக்கத்துக்கு ஒரே ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருவது. ஒரு வயது முதல் கொடுக்கிறார்கள். வயதுக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார். இந்த ஓர் இடத்தில் மரபைக் கைவிடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இந்தக் கஷாயத்தை அறவே தவிர்க்க வேண்டியவர்கள் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும். மாதவிடாயைத் தூண்டும் என்று மரபே சொல்லும் மரத்தின் எந்தப் பகுதியையும் கருக்காலத்தில் உள்ளுக்குக் கொடுப்பது கூடாது. வயிற்றுப் புண் இருந்தவர்கள், வார்ஃபாரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரும் விலகியிருக்க வேண்டும். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரையை இது குறைத்திருப்பதால், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடிக்கத் தொடங்கினால் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். தலைசுற்றலும் வியர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள்.

மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்த ஒப்புக்கொண்டு, மேலே சொன்ன தடைகள் எதுவும் உங்கள் தந்தைக்கு இல்லை என்றால், மாத்திரை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குங்கள். முதல் நாள் மூன்று இலை மட்டும் போட்டு, வயிறு எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட்டு ஐந்துக்குப் போகலாம். ஏழு நாள் குடித்து, ஏழு நாள் நிறுத்தி, வலியின் நிலையை நாள்தோறும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது, எத்தனை அடி நடந்ததும் கால் இழுத்தது, இரவில் எத்தனை முறை விழித்தார் என்று. குடித்த வாரத்துக்கும் நிறுத்திய வாரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் மேலும் தொடர்வதில் பொருளில்லை. மேல்வயிறு எரிந்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். கறுத்த மலம் இரைப்பையில் இரத்தம் கசிவதன் அறிகுறி. கஷாயம் குடிக்கிறார் என்பதற்காக நடையை நிறுத்த வேண்டாம். நாள் முழுதும் படுத்தே கிடந்தால் இந்த வலி நீளும். தாங்கும் அளவுக்கு மெதுவாக நடப்பதும் இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகளும் எந்தக் கஷாயத்துக்கும் குறைந்தவை அல்ல.

இலையை உலர்த்தி வைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. முற்றத்தில் மரம் நிற்கும்போது அதற்குத் தேவையில்லை. மரபும் ஆய்வும் பெரும்பாலும் பச்சை இலையைக் கொண்டே பேசுகின்றன. மரம் இலை கொட்டும் காலத்தை எண்ணி உலர்த்துவதானால், வெயிலில் போடாமல் காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் ஈரம் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பறித்த தேதியை மேலே எழுதி வையுங்கள். உலர்ந்த இலை எடை குறைந்திருந்தாலும் சாரம் அப்படியே இருக்கும் என்பதால் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. பச்சையில் ஐந்து என்றால் உலர்ந்ததிலும் ஐந்தே. திறக்கும்போது பூஞ்சை வாடை அடித்தாலோ இலையில் வெண்புள்ளி தென்பட்டாலோ புட்டி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.